கணினி பெரிதானால் புதிர் அவிழாது

உயர்வெப்ப மீக்கடத்திகளைப் பற்றிய கட்டுரைகளைப் புரட்டினால், பெரும்பாலானவற்றின் கடைசிப் பத்தியில் ஒரு நம்பிக்கை காத்திருக்கும். தாமிர ஆக்சைடுப் பீங்கான்களுக்குள் எலக்ட்ரான்கள் ஏன் இணை சேர்கின்றன என்பது 1986 முதல் புதிராகவே நீடிப்பதற்குக் காரணம் கணினிகளின் போதாமைதானாம். சூப்பர் கம்ப்யூட்டர்களின் வேகம் இன்னும் சில படி ஏறட்டும், இல்லையேல் குவாண்டம் கணினி கைக்கு வரட்டும், விடை தானாக வந்து விழுமாம். விழுந்த கையோடு, அறைவெப்பநிலையில் வேலை செய்யும் மீக்கடத்தியைத் திரையிலேயே வடிவமைத்துவிடலாமாம். இதன் முற்பாதி தவறு. பிற்பாதி அதைவிடத் தவறு. பத்திரிகைகள் மட்டும் இப்படிச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். துறைக்கு உள்ளே இருப்பவர்களும் நிதி கேட்கும்போது இதே பாட்டைப் பாடுவதால், புள்ளி புள்ளியாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பு வெறுங்கையோடு வரவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். அணுக்களையும் வேதியியலையும் ஆளும் அடிப்படை விதிகள் தெரிந்துவிட்டன, தொல்லை எல்லாம் அந்தச் சமன்பாடுகளைத் தீர்ப்பதில்தான் என்று பால் டிராக் 1929லேயே எழுதிவிட்டார். விதி தெரியும், கணக்குதான் பாக்கி என்றால் கணக்குப்போடும் இயந்திரத்தைப் பெரிதாக்குவதுதானே வழி? பழைய வகை மீக்கடத்திகளில் இந்த வாதம் பலித்தும் இருக்கிறது. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் 1957ல் தந்த கோட்பாட்டின்படி, படிகத்தின் அணு அதிர்வுகள், அதாவது ஃபோனான்கள், இரண்டு எலக்ட்ரான்களை இணைத்து வைக்கின்றன. அந்த அதிர்வுகளை இன்று கணினியில் நம்பகமாகக் கணக்கிடலாம். மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு 200 கெல்வின் அளவில் மீக்கடத்தியாகும் என்று 2014ல் ஒரு சீனக் குழு கணக்கிட்டுச் சொன்னது. மறு ஆண்டே ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மிகாயில் எரெமெட்ஸ் குழு 203 கெல்வினில் அதை அளந்து காட்டியது. லேந்தனம் ஹைட்ரைடிலும் கணக்கு முந்தியது, அளவீடு பிந்தியது. தாமிர ஆக்சைடுகளிலும் கணினிக்குப் பெருமை உண்டு. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஜாகுவார் இயந்திரத்தில் உயர்வெப்ப மீக்கடத்திகளைக் கணக்கிட்ட நிரல், நொடிக்கு 1.35 பெட்டாஃப்ளாப் வேகத்தைத் தொட்டு, 2008ல் கோர்டன் பெல் பரிசை வாங்கியது. இவ்வளவும் உண்மை. இவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழை. ஏன் என்று பார்ப்போம்.

1. தடைக்கு வேகம் என்று யார் பெயர் வைத்தது? தாமிரமும் ஆக்சிஜனும் சேர்ந்த தளத்தைச் சதுரக் கட்டங்களாக எண்ணிக்கொள்ளுங்கள். 1963ல் ஜான் ஹப்பர்டு எழுதிய மாதிரி, அந்தத் தளத்தை இரண்டே எண்களில் அடக்கிவிடுகிறது. எலக்ட்ரான் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும் ஆற்றல் ஒன்று. ஒரே கட்டத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் உட்கார்ந்தால் செலுத்த வேண்டிய விலக்கு ஆற்றல் மற்றொன்று. பள்ளி மாணவருக்கும் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். தீர்ப்பதுதான் பாடு.

பக்கத்துக்கு 4 கட்டம், மொத்தம் 16 என்று வைத்துக்கொள்வோம். கட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 16 எலக்ட்ரான்கள்; பாதிக்கு மேல்நோக்கிய ஸ்பின், பாதிக்குக் கீழ்நோக்கிய ஸ்பின். மேல்நோக்கிய எட்டையும் 16 கட்டங்களில் 12,870 விதமாக வைக்கலாம், கீழ்நோக்கிய எட்டையும் அதே 12,870 விதமாக வைக்கலாம். இரண்டையும் பெருக்கினால் 16,56,36,900 அமைப்புகள். அமைப்புக்கு ஓர் எண், எண்ணுக்கு 8 பைட் என்றால் சுமார் 1.3 ஜிகாபைட். என் மடிக்கணினியே தாங்கும். இப்போது பக்கத்துக்கு 6 கட்டம் என்று ஆக்குங்கள். அதே கணக்கில் தேவைப்படும் நினைவகம் ஏறத்தாழ 66 கோடி டெராபைட். பக்கத்துக்கு இரண்டே இரண்டு கட்டம் கூட்டியதற்கு இந்தத் தண்டனை! நிஜமான படிகத் துணுக்கு ஒன்றில் பக்கத்துக்கு லட்சக்கணக்கான கட்டங்கள் இருக்கும். இந்தப் பாதையில் இயந்திரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறவர் எங்கேயும் போய்ச் சேரமாட்டார்.

அதனால்தான் எல்லா அமைப்புகளையும் எண்ணாமல், முக்கியமானவற்றை மட்டும் மாதிரி எடுத்துச் சராசரி பார்க்கும் குவாண்டம் மாண்டி கார்லோ முறை வந்தது. அங்கே வேறொரு பள்ளம். இரண்டு எலக்ட்ரான்கள் இடம் மாறினால் அலைச்சார்பின் குறி மாறிவிடும். அதனால் எடுக்கும் மாதிரிகளில் சிலவற்றுக்குக் கூட்டல் குறி, சிலவற்றுக்குக் கழித்தல் குறி. வரவும் கோடி, செலவும் கோடி, மிச்சம் நாலு ரூபாய் என்று நடக்கும் கடையின் கணக்கைப் போல ஆகிவிடுகிறது நிலைமை: பேரேட்டில் நூற்றில் ஒரு பங்கு பிழை இருந்தாலும் லாபமா நட்டமா என்பதே தெரியாது. வெப்பநிலையைக் குறைக்கக் குறைக்க இது முற்றும். ஒரு வெப்பநிலையில் குறியின் சராசரி 0.1 என்று கொள்வோம். வெப்பநிலையைப் பாதியாக்கினால் அது 0.01 ஆகும், மறுபடி பாதியாக்கினால் 0.0001. அதே துல்லியத்துக்குத் தேவைப்படும் உழைப்பு முதல் படியில் 100 மடங்கு ஏறும், அடுத்த படியில் மேலும் 10,000 மடங்கு ஏறும். 2008ன் பெட்டாஃப்ளாப்பிலிருந்து 2022ல் ஓக் ரிட்ஜின் ஃபிரான்டியர் எட்டிய எக்ஸாஃப்ளாப் வரை, பதினான்கு ஆண்டுகளில் வேகம் கூடியது சுமார் ஆயிரம் மடங்கு. அந்த இரண்டாவது படியைத் தாண்டக்கூட அது போதாது. தாமிர ஆக்சைடில் தாவல் ஆற்றலை வெப்பநிலையாக மாற்றினால் சுமார் 4,000 கெல்வின். மீக்கடத்தல் தொடங்குவதோ 100 கெல்வின் பக்கத்தில். எத்தனை முறை பாதியாக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு குரூரமும் உண்டு. கட்டத்துக்குச் சரியாக ஓர் எலக்ட்ரான் இருக்கும்போது, பக்கத்துக் கட்டத்துக்கு மட்டுமே தாவும் எளிய மாதிரியில், இந்தக் குறிச் சிக்கல் அடியோடு மறைந்துவிடுகிறது. ஆனால் அந்த நிலையில் பொருள் மீக்கடத்தி ஆகாது. மின்சாரத்தைக் கடத்தாத எதிர்ஃபெர்ரோ காந்தம் அது. நூற்றுக்குச் சில எலக்ட்ரான்களையாவது எடுத்தால்தான் மீக்கடத்தல் பிறக்கும். எடுத்த கணமே குறிச் சிக்கலும் பிறக்கும். தேவையில்லாத இடத்தில் கணினி துல்லியமாகப் பேசுகிறது, தேவையான இடத்தில் திக்குகிறது. இந்தச் சிக்கலுக்குப் பொதுவான தீர்வு காண்பது, கணினியியலில் மிகக் கடினமானவை என்று பெயரெடுத்த ஒரு வகைச் சிக்கல்களைத் தீர்ப்பதற்குச் சமம் என்று மத்தியாஸ் ட்ராயரும் உவே-யென்ஸ் வீஸும் 2005ல் நிறுவினார்கள். ஒரு குறிப்பிட்ட மாதிரிக்குத் தனிவழி கிடைக்காது என்று அதற்குப் பொருளில்லை. ஆனால் கிடைத்தால், மனித மூளையின் தந்திரத்தால் கிடைக்கும்.

இதுவரை கிடைத்தவையும் அப்படித்தான் கிடைத்தன. ஸ்டீவன் வைட் 1992ல் தந்த முறை ஒற்றைப் பரிமாணச் சங்கிலிகளை அபாரமான துல்லியத்தோடு தீர்க்கிறது. அது எந்தப் பரிசு வாங்கிய இயந்திரத்தின் பிள்ளையும் இல்லை. அலைச்சார்பில் எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்ற ஒரு நல்ல யோசனையின் பிள்ளை.

2. எந்த விடை வந்தால் 'வந்துவிட்டது' என்பீர்கள்? 2005ல் தாமஸ் மையர், மார்க் ஜாரல் முதலியோர், சிறு கட்டத் தொகுப்புகளை மீதித் தளத்தின் சராசரியில் பொதித்துக் கணக்கிட்டார்கள். விலக்கு ஆற்றல் தாவல் ஆற்றலைப்போல் 4 மடங்கு, எலக்ட்ரான்கள் நூற்றுக்கு 10 குறைவு. இந்த நிலையில், தாவல் ஆற்றலின் 0.023 பங்கு வெப்பநிலையில் மீக்கடத்தல் தெரிந்தது. கெல்வினில் சொன்னால் ஏறத்தாழ 90. இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடின் 93 கெல்வினை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். ஆனால் நிஜப் பொருளில் விலக்கு ஆற்றல் 4 மடங்கில் நிற்பதில்லை, 8 மடங்கு பக்கம் என்பதே பொதுவான மதிப்பீடு.

அந்த 8 மடங்கில் என்ன நடக்கிறது? 2017ல் நான்கு வெவ்வேறு முறைகளைக் கையாளும் குழுக்கள் ஒன்றுசேர்ந்து, எட்டில் ஒரு பங்கு எலக்ட்ரான் குறைந்த நிலையைக் கணக்கிட்டன. அங்கே மிகக் குறைந்த ஆற்றலோடு வென்றது மின்னூட்டம் வரிவரியாகத் திரளும் பட்டைநிலை. பட்டைகளின் இடைவெளி 8 கட்டம் என்றது கணக்கு. ட்ரான்குவாடா குழு 1995ல் நியூட்ரான் சிதறலால் லேந்தனம் வகைப் படிகத்தில் கண்ட பட்டைகளுக்கோ இடைவெளி 4 கட்டம். அடுத்து 2020ல், பக்கத்துக் கட்டத்துக்கு மட்டும் தாவும் தூய மாதிரியில், அந்தப் பகுதியில் மீக்கடத்தலே இல்லை என்று வைட், ஷிவெய் ஜாங் முதலியோரின் கணக்கு அறிவித்தது. மூலைவிட்டக் கட்டத்துக்கும் கொஞ்சம் தாவலாம் என்ற ஓர் எண்ணைச் சேர்த்ததும் 2024ல் அவர்களே மீக்கடத்தலைக் கண்டார்கள், பட்டைகளும் கூடவே இருந்தன. இடையில் 2021ல், ஹப்பர்டு மாதிரியின் நெருங்கிய உறவான இன்னொரு மாதிரியில், எலக்ட்ரான் கூட்டிய பக்கம் மீக்கடத்தல் செழித்தது. குறைத்த பக்கம் ஒடுங்கியது. இயற்கையில் நடப்பதோ தலைகீழ்: தாமிர ஆக்சைடுகளில் அதிக வெப்பநிலை மீக்கடத்திகள் எல்லாம் எலக்ட்ரான் குறைத்தவை. முரணை அந்தக் கட்டுரையே மறைக்காமல் சொன்னது. நேர்மையான வேலைக்கு அடையாளம் அது.

இவர்களில் யாரும் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. ஊசலாட்டத்துக்குக் காரணம் வேறு. கட்டத்துக்குச் சராசரி ஆற்றல், தாவல் ஆற்றலின் 0.77 பங்கு. பட்டைநிலை, சீரான மீக்கடத்து நிலை, வேறு இடைவெளி கொண்ட பட்டைகள் ஆகியவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு அதில் 0.01 பங்கோ அதற்கும் குறைவோ. இவ்வளவு நெருக்கமான போட்டியில், கணக்கிடுவதற்காகத் தளத்தைச் சுருட்டிய உருளையின் அகலம் 4 கட்டமா 6 கட்டமா, விளிம்பு எப்படி முடிக்கப்பட்டது, மூலைவிட்டத் தாவல் எவ்வளவு என்பதெல்லாம் வெற்றியாளரை மாற்றிவிடும். இது இயந்திரத்தின் குறை இல்லை, பொருளின் குணம். படிகத்திலேயே பட்டையும் மீக்கடத்தலும் இழுபறியில்தான் இருக்கின்றன. ஆகவே 'கணினி விடை சொல்லிவிட்டது' என்று அடுத்த செய்தி வரும்போது அது பெரும்பாலும் ஒரு மாதிரியின் ஒரு புள்ளிக்கான விடையாகத்தான் இருக்கும். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பது வேறு விடை.

3. அப்படியே முழுமையாகத் தீர்த்தாலும், தீர்ந்தது எது? மாதிரி. பொருள் அல்ல. லேந்தனம் ஸ்ட்ரான்ஷியம் தாமிர ஆக்சைடிலும் பாதரசம் பேரியம் தாமிர ஆக்சைடிலும் தாமிரத் தளம் ஒற்றை அடுக்குதான். முன்னதன் உச்சம் 40 கெல்வினுக்குள், பின்னதன் உச்சம் 95 கெல்வின் அளவில். இரண்டு எண் மட்டும் தெரிந்த மாதிரிக்கு இந்த வேறுபாட்டைப் பற்றிச் சொல்ல அநேகமாக எதுவும் இல்லை. தளத்துக்கு மேலே தொங்கும் ஆக்சிஜனின் தூரம், தாமிரத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே மின்னூட்டம் நகர ஆகும் செலவு, இடையடுக்கின் ஒழுங்கின்மை எல்லாம் அந்த இரண்டு எண்ணுக்கு வெளியே நிற்கின்றன. மறுபக்கம், அணுக்களின் வகையறிந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வழக்கமான முறைகளோ, இந்தக் குடும்பத்தின் தாய்ப்பொருளான லேந்தனம் தாமிர ஆக்சைடையே உலோகம் என்று சொல்லிப் பேர்வாங்கின. நிஜத்தில் அது மின்கடத்தாப் பொருள், அதுவும் சுமார் 2 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளியோடு. பொருளை அறிந்த கணக்குக்கு விலக்கு விசை பிடிபடவில்லை. விலக்கு விசையை அறிந்த கணக்குக்குப் பொருள் தெரியவில்லை. இரண்டையும் இணைக்கும் முயற்சிகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன, பலன் தரவும் தொடங்கியிருக்கின்றன. ஆனால் எதை எதோடு எப்படி இணைப்பது என்பது இயற்பியல் கேள்வி. இயந்திரத்தைக் கேட்டால் பதில் வராது.

4. எண் வெளிவந்தால் வாதம் முடிந்துவிடுமா? முடியவில்லை என்பதற்கு வரலாறு சாட்சி. 1987ல் ஃபிலிப் ஆண்டர்சன், தாமிர ஆக்சைடில் ஃபோனான் போன்ற 'பசை' எதுவும் தேவையில்லை என்றார். எதிர்ஃபெர்ரோ காந்தத்தில் ஏற்கெனவே பின்னிக்கிடக்கும் ஸ்பின் இணைகளே எலக்ட்ரான்களைக் குறைத்ததும் ஓடத் தொடங்குகின்றன என்பது அவர் கட்சி. அதன் முதல் கணித வடிவத்தை அதே ஆண்டில் அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரனும் ஒருவர். காகிதமும் பேனாவும்தான் அதற்கு ஆன செலவு என்று சொன்னால் பெரிய மிகையாகாது. எதிர்க்கட்சியில் டக்ளஸ் ஸ்கலபினோ: காந்த அலைவுகளே பசை, அவை ஃபோனான்களின் வேலையை வேறு வகையில் செய்கின்றன என்றார். இருபது ஆண்டு கழித்து மையர், புவால்பிளான், ஸ்கலபினோ மூவரும் ஹப்பர்டு மாதிரியின் இணைப்பு விசை காலத்தில் எப்படிப் பரவியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். பெரும்பங்கு மெதுவான காந்த அலைவிலிருந்து வருகிறது, சிறுபங்கு உடனடியானது என்றது முடிவு. வாதம் அடங்கியதா? இல்லை. பசை என்று எதைக் கூப்பிடுவது, எது காரணம், எது காரணத்தின் நிழல் என்று இரண்டு தரப்பும் அதே வரைபடத்தைத் தத்தம் பக்கம் இழுத்தன. நினைவகத்தில் கோடிக்கணக்கான எண்களாகக் கிடக்கும் அலைச்சார்பு தன்னைத் தானே விளக்கிக்கொள்வதில்லை. இயற்கையிடமும் அந்த அலைச்சார்பு எப்போதும் இருக்கிறது. அதை நாம் புரிந்துகொண்டோமா?

5. குவாண்டம் கணினி வந்தால்? குறிச் சிக்கல் இதே உருவில் அங்கே இருக்காது. சரி. ஆனால் மிகக் குறைந்த ஆற்றல் நிலையைத் தயாரிக்கும் வேலை அப்படியே நிற்கிறது, அது பொதுவில் குவாண்டம் கணினிக்கும் கடினமான வேலை என்பது நிறுவப்பட்ட விஷயம். லேசர் ஒளியால் கட்டம் அமைத்து, குளிர்ந்த அணுக்களை எலக்ட்ரான்களாக நடிக்கவைக்கும் சோதனைகள் இப்போதே நடக்கின்றன. ஹார்வர்டில் மார்கஸ் கிரைனர் குழு 2017ல் சுமார் 80 கட்டங்களில் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கைக் கண்ணாரக் காட்டியது. அருமையான வேலை. அப்போது அதன் வெப்பநிலை தாவல் ஆற்றலில் கால் பங்கு. தாமிர ஆக்சைடின் அளவில் சொன்னால் 1,000 கெல்வின். தவிர, மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மறுப்புகள் கருவி எதுவானாலும் பொருந்தும்.

6. இணை சேர்ந்தால் மீக்கடத்தலா? மீக்கடத்தல் வந்தால் கம்பியா? பழைய மீக்கடத்திகளில் எலக்ட்ரான்கள் இணை சேர்வதும், இணைகள் எல்லாம் ஒரே தாளத்தில் இயங்கத் தொடங்குவதும் ஒரே வெப்பநிலையில் நடக்கும். தாமிர ஆக்சைடில் இணைகளின் அடர்த்தி குறைவு. ஆகவே இணை இருந்தும் தாளம் சேராமல் போகலாம் என்று எமரியும் கிவெல்சனும் 1995ல் வாதிட்டார்கள். அது சரியென்றால், இணைப்பு விசையை எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டாலும் உச்ச வெப்பநிலையை நிர்ணயிப்பது வேறொன்று.

தாளம் சேர்ந்தாலும் அடுத்த சிக்கல் பட்டறையில். பீங்கானின் இரு படிகத்துகள்கள் சேரும் எல்லையில் அவற்றின் திசை சில பாகை விலகினாலே கடத்தக்கூடிய மின்னோட்டம் சரசரவென்று விழுகிறது என்பதை ஐபிஎம் ஆய்வாளர்கள் 1988ல் அளந்தார்கள். இதனால்தான் இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடை உலோக நாடாவின் மேல், துகள்கள் எல்லாம் ஒரே திசை பார்க்கும்படி மெல்லிய படலமாக வளர்க்க வேண்டியிருக்கிறது. விலையும் அதற்கேற்ப. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டவர்கள் படுத்தது பெரும்பாலும் நயோபியம் டைட்டானியம் கம்பிச் சுருளுக்குள்தான். அதன் உச்சம் 10 கெல்வின்கூட இல்லை, வழக்கமாகத் திரவ ஹீலியத்தில் அதைக் குளிர்விக்க வேண்டும். ஜெனீவாவின் பெரிய ஹாட்ரான் மோதியின் முதன்மைக் காந்தங்களிலும் அதே கம்பிதான். 93 கெல்வின் பொருள் 1987லேயே கிடைத்தும் 10 கெல்வின் பொருள் ஆட்சி செய்வதற்குக் காரணம், அதை இழுத்துக் கம்பியாக்கலாம் என்பது. எலக்ட்ரான் இணையைப் பற்றிய எந்தக் கணக்கும் இந்த இடத்தில் துணைக்கு வராது.

கணக்கிட எளிதான இடத்திலாவது கணினி முந்திக்கொண்டதா? ஹைட்ரைடுகளில் முந்திக்கொண்டது. மக்னீசியம் டைபோரைடில்? 1950கள் முதல் வேதியியலாளர்களுக்குத் தெரிந்த சாதாரணச் சேர்மம் அது. ஃபோனான் வகை மீக்கடத்தி. கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஆனாலும் 2001ல் ஜப்பானில் ஜுன் அகிமிட்சு குழு 39 கெல்வினில் அதை அளந்த பிறகுதான் கணக்குகள் வந்து குவிந்தன. கேட்கத் தோன்றாத கேள்வியைக் கணினி கேட்டுக்கொள்வதில்லை. பெட்நார்ஸும் முல்லரும் 1986ல் ஐபிஎம்மின் சூரிச் ஆய்வகத்தில் கண்ட முதல் தாமிர ஆக்சைடு, சூ குழுவின் 93 கெல்வின் பொருள், 1993ன் பாதரசப் பீங்கான், 2008ல் ஹோசோனோவின் இரும்பு வகை எல்லாமே பொடி கலந்து உலையில் சுட்டவர்களின் கண்டுபிடிப்புகள்.

இந்த நம்பிக்கை பொய்த்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். 2023 ஜூலையில் பார்த்தோம். தென்கொரியாவிலிருந்து அறைவெப்ப மீக்கடத்தி என்ற அறிவிப்பு வந்தது. சில நாளில் அமெரிக்காவிலிருந்து ஒரு கணினிக் கணக்கு வந்தது: அந்தச் சேர்மத்தின் எலக்ட்ரான் ஆற்றல் பட்டைகள் தட்டையாக இருக்கின்றன, மீக்கடத்தல் பிறக்கக்கூடிய சூழல் அது என்று. மீக்கடத்தி என்று அந்தக் கட்டுரை எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் 'சூப்பர் கம்ப்யூட்டர் உறுதிப்படுத்தியது' என்று உலகம் அதைப் படித்துக்கொண்டது, பங்குச்சந்தைவரை ஆடிற்று. முடித்துவைத்தவர்கள் சேர்மத்தைச் சுட்டு அளந்தவர்கள். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் மாதிரியில் மீக்கடத்தல் இல்லை. தடை சட்டென்று விழுந்ததற்குக் காரணம் மாசாகக் கலந்திருந்த தாமிர சல்ஃபைடின் கட்டமைப்பு மாற்றம் என்பதும் ஒரே மாதத்தில் தெளிவாயிற்று. தட்டையான பட்டை காட்டிய அதே வகைக் கணக்குதான் லேந்தனம் தாமிர ஆக்சைடை உலோகம் என்றது. அதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

அப்படியானால் சிமுலேஷன் வீண் என்கிறேனா? இல்லவே இல்லை. அதற்குத் தகுந்த வேலை குறிசொல்வது அன்று. ஒரு கருத்தைத் துல்லியமான எண்ணாக மாற்றி, அளவீட்டின் முன்னே தலைநீட்ட வைப்பது. 1980களின் இறுதியில், இன்றைய கைபேசியோடு ஒப்பிடவே கூசும் இயந்திரங்களில், சின்னஞ்சிறு கட்டங்களில் போட்ட கணக்குகள், இணை சேர்ந்தால் அதன் அலைச்சார்பு ஒரு திசையில் நேர்க்குறியும் செங்குத்துத் திசையில் எதிர்க்குறியும் கொண்டிருக்கும் என்று சாடை காட்டின. உச்ச வெப்பநிலையைச் சொல்ல அவற்றால் முடியவில்லை, குறி மாறும் என்று சொல்ல முடிந்தது. 1994ல் ஐபிஎம்மின் சுவேயும் கர்ட்லியும், திசை விலகிய மூன்று படிகங்கள் சந்திக்கும் புள்ளியைச் சுற்றி வளையம் அமைத்து, அதில் தானாகச் சிறைப்படும் காந்தப் பாயத்தை அளந்தார்கள். வழக்கமான மீக்கடத்தியில் அது முழு அலகுகளில் வரும்; இங்கே பாதி அலகு வந்தது. குறி மாறினால் மட்டுமே பாதி வரும். அந்த ஒரு அளவீடு டஜன் கணக்கான கோட்பாடுகளைக் குப்பைக்கூடைக்கு அனுப்பியது.

இன்னொரு வகை வேலையும் உண்டு, அதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஸ்டான்ஃபோர்டில் ஷென் குழு 2021ல், தளத்துக்குப் பதில் ஒற்றைப் பரிமாணத் தாமிர ஆக்சிஜன் சங்கிலிகள் கொண்ட பேரியம் ஸ்ட்ரான்ஷியம் சேர்மத்தை எடுத்துக்கொண்டது. அதில் எலக்ட்ரான்களைக் குறைப்பது நெடுநாள் கைகூடாத காரியம். ஓசோன் வாயுவில் படலத்தைப் பக்குவப்படுத்தி, குறைப்பின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, ஒளியால் எலக்ட்ரான்களை வெளியேற்றி அவற்றின் ஆற்றலை அளந்தார்கள். சங்கிலி என்பதால் கணக்கு பக்கத்திலேயே தயார்: ஒற்றைப் பரிமாணத்தில் இந்த முறைகளின் விடையைச் சந்தேகிக்க இடமில்லை. அளவீட்டையும் ஹப்பர்டு மாதிரியின் விடையையும் அடுத்தடுத்து வைத்தபோது ஒரு கிளை பொருந்தவில்லை. எண்ணை எப்படி மாற்றிப் பார்த்தும் பொருந்தவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும் எலக்ட்ரான்களுக்கு இடையே ஒரு ஈர்ப்பு, கிட்டத்தட்டத் தாவல் ஆற்றல் அளவுக்கே வலிமையான ஈர்ப்பு, சேர்த்த பிறகுதான் பொருந்தியது. விலக்கு விசையிலிருந்து அவ்வளவு ஈர்ப்பு வராது. முப்பது ஆண்டுகளாகப் பலரும் ஓரங்கட்டி வைத்த ஃபோனான்களே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றது அந்தக் குழு.

இந்த முடிவுக்குப் பெட்டாஃப்ளாப் தேவைப்படவில்லை. கணக்கு தோற்ற இடம் எது என்று ஐயமில்லாமல் சொல்லக்கூடிய அளவுக்குச் சிறிய, நம்பகமான கணக்கும், அதோடு மோதவிடச் சரியான படிகமும் தேவைப்பட்டன. அந்த ஈர்ப்பைத் தளத்துக்கு எடுத்துப்போனால் பட்டையும் மீக்கடத்தலும் நடத்தும் இழுபறியில் யார் பக்கம் அது சாயும் என்பது இப்போது பல குழுக்கள் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு. அவர்களுடைய கட்டுரைகளில் முதலில் நான் தேடுவது இயந்திரத்தின் பெயரை அல்ல. உருளையின் அகலம் எத்தனை கட்டம் என்பதை.